சுடரில் நிற்கும் மனம் முஸ்ஹஃபில் ஏன் நழுவுகிறது?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜென்டாக இருக்கிறேன். வயது 41. ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஹிஃப்ழு (குர்ஆன் மனனம்) செய்து, குர்ஆனின் முப்பது பாகங்களில் முதல் நாலு ஜுஸ்உ முடித்திருக்கிறேன். விடியல் தொழுகையான சுபுஹுக்கு முன் அரை மணி நேரம் பழைய பாடம். இரவு இஷா தொழுகைக்குப் பின் புதுப் பாடத்தை மனனம் செய்து அப்போதே ஓதக் கற்றுத் தரும் ஹஸ்ரத்திடம் ஒப்பிப்பேன். வெள்ளிக்கிழமை மாலை மஃரிப் தொழுகைக்குப் பின் தஃப்ஸீர் (குர்ஆன் விளக்க) வகுப்பு. முதுகு வலிக்காக டாக்டர் சொல்லி யோகா வகுப்புக்கும் போகிறேன். அங்கே மெழுகுவர்த்திச் சுடரைப் பார்த்து உட்காரச் சொன்னால் பத்து நிமிடம் அப்படியே இருக்க முடிகிறது. குர்ஆன் பிரதியான முஸ்ஹஃபைத் திறந்தால் இரண்டு ஆயத்துக்குள், அதாவது இரண்டு வசனத்துக்குள், மனம் எடைக் கணக்குக்கும் லாரிக்கும் போய்விடுகிறது. நாக்கு மட்டும் ஓதிக்கொண்டிருக்கிறது. பக்கம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. என் ஈமானில், இறைநம்பிக்கையில், குறையா? யோகாவில் சொல்லித் தரும் மன ஒருமைப் பயிற்சியை ஓதலுக்குப் பயன்படுத்தலாமா? ஃபோனில் ஓதினால் கவனம் கெடுமா?

பதில்: வ அலைக்கும் ஸலாம். ஈமான் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பயத்தோடு உட்கார்ந்தால், மனம் நழுவியதைவிட நழுவியதைப் பற்றிய கவலையே பெரிய இடைஞ்சலாகிவிடும். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) நபித்தோழர். தம் தொழுகைக்கும் ஓதலுக்கும் நடுவே ஷைத்தான் புகுந்து குழப்புவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே முறையிட்டார். அவன் பெயர் கின்ஸப் என்றும், உணர்ந்ததும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி இடப்பக்கம் மூன்று முறை இலேசாகத் துப்பும்படியும் பதில் கிடைத்தது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் இருக்கும் ஹதீஸ் (நபிமொழி) இது. ஈமானைச் சந்தேகிக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. புகாரி தொகுப்பில் வரும் இன்னொரு ஹதீஸ் உங்கள் கடிதத்துக்கே எழுதியது போல இருக்கும்: தொழுகிறவரிடம் ஷைத்தான் வந்து, இதை நினை, அதை நினை என்று அதுவரை நினைவுக்கே வராத விஷயங்களை எல்லாம் எடுத்துக் கொடுப்பான், கடைசியில் எத்தனை ரக்அத் (தொழுகைச் சுற்று) ஆயிற்று என்பதே தெரியாமல் போகும். எடைக் கணக்கும் லாரியும் அந்த வகைதான்.

இனி சுடர். அது ஒரே பொருள். நகராது. அதில் தப்பு நேர வழியில்லை, அடுத்து என்ன என்று ஞாபகத்தைத் துழாவ வேண்டியதும் இல்லை. ஓதலில் கண் வரியைத் தேடுகிறது, நாக்கு எழுத்து பிறக்கும் இடமான மக்ரஜைத் தேடுகிறது, காது சரிபார்க்கிறது, ஞாபகம் அடுத்த சொல்லை எடுத்துத் தருகிறது. புதிதாக ஓதும்போது இந்த நான்குக்கும் ஆள் தேவை, அதனால் மனம் அங்கேயே இருக்கும். அதே பக்கத்தை ஐம்பது தடவை ஓதிய பிறகு நாக்குக்கு மேற்பார்வை தேவைப்படுவதில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் தினமும் லாரி ஓட்டுகிறவர் அரவேணு எப்போது தாண்டியது என்று தெரியாமலே கொண்டைஊசி வளைவுகளில் சரியாகத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவார் இல்லையா, அதேதான். உங்கள் நாக்கு பழகிவிட்டது. வேலையில்லாமல் நின்ற மனம் தனக்குத் தெரிந்த வேலைக்குப் போய்விட்டது.

இதைச் சோதித்துப் பாருங்கள். இதுவரை ஓதியே இராத ஒரு பக்கத்தைத் திறந்து மெதுவாகப் பார்த்து ஓதுங்கள். மனம் அவ்வளவு ஓடாது. ஆக, மனதை அசையாமல் நிறுத்த இன்னொரு பயிற்சி உங்களுக்குத் தேவையில்லை. சுடர் முன்னால் அது நிற்கிறதே. நாக்கைத் தனியாக ஓட விடாத ஏற்பாடுதான் தேவை. கீழே சொல்வதெல்லாம் அந்த ஏற்பாடு.

அதற்கு முன், பயன்படுத்தலாமா கூடாதா என்ற கேள்வி. சுடர் பார்ப்பதற்கு யோகத்தில் திராடகம் என்று பெயர். ஹட யோக நூல்கள் அதைத் தௌதி, நேதி முதலானவற்றோடு சேர்த்து ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாகத்தான் வைத்திருக்கின்றன. கண்ணில் நீர் வரும்வரை இமைக்காமல் பார்ப்பது அது. தியானத்தின் உச்சி என்று யாராவது சொல்லியிருந்தால் அது பின்னால் ஏறிய பெருமை. படிக்கிறவருக்கு இதில் ஒரு நஷ்டமும் உண்டு: வரி விட்டு வரி நகர வேண்டிய கண்ணை ஓதலுக்குச் சற்று முன் ஓரிடத்தில் குத்திட்டு எரிய வைத்தால், முதல் பக்கம் முழுக்க எழுத்து மங்கும். ஓதலுக்கு முன் வேண்டாம்.

யோக சூத்திரம் தந்த பதஞ்சலி யோகத்தை வரையறுக்கும்போது சித்த விருத்திகளை, அதாவது மன அலைகளை, அடக்குவது என்கிறார். குர்ஆன் தன்னை ஓதுகிறவரிடம் கேட்பது ததப்புர், அதாவது ஆழ்ந்து சிந்திப்பது (38:29, 47:24). ஒன்றில் எண்ண ஓட்டம் அடங்க வேண்டும்; மற்றதில் எண்ணம் ஆயத்தோடு சேர்ந்து ஓட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வெறுமையான மனதை வைத்துக்கொண்டு ஓத முயல்கிறவர்கள் கொஞ்ச நாளில் தூங்கிவிழுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மந்திரத்தை உருப்போடுவது பற்றிப் பேசும் இடத்தில் பதஞ்சலியே பொருளை மனதில் நிறுத்தித்தான் உருப்போட வேண்டும் என்கிறார் (1.28). உருப்போடுவதற்கு மனதை வெறுமனே நிறுத்துவது போதாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

முஸ்லிம் அறிஞர்கள் இதையெல்லாம் எட்ட நின்று பார்த்தவர்களும் இல்லை. 11-ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி பதஞ்சலி நூலைக் கேள்வி-பதில் வடிவில் அரபுக்குக் கொண்டுவந்தார். நம் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களில் யோகச் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. அதே சமயம் எல்லை போட்டவர்களும் உண்டு. 2008-இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கவுன்சில், மந்திரமும் வழிபாட்டு அம்சமும் கலந்த யோகா முஸ்லிம்களுக்குக் கூடாது என்றது. 2009-இல் இந்தோனேசிய உலமா கவுன்சில், சடங்கு கலந்ததைத் தடுத்து, வெறும் உடற்பயிற்சியாகச் செய்வதை அனுமதித்தது. என் கருத்தும் அந்தப் பக்கம்தான். முதுகுக்கான ஆசனம், உட்காரும் முறை, மூச்சைச் சீராக்குவது, நழுவிய மனதைக் கூப்பிட்டு வரும் பழக்கம் இவை உடலுக்கும் மனதுக்கும் பொதுவான கைவேலை, எடுத்துக்கொள்ளுங்கள். ஓம்காரம், மந்திரம், சூரியனுக்குச் செலுத்தும் வணக்கம் இவை இன்னொரு மார்க்கத்தின் வழிபாடு. வகுப்பில் அந்தக் கட்டம் வந்தால் சும்மா உட்கார்ந்திருங்கள், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொழுகைக்குள்ளேயோ ஓதலின் அமைப்புக்குள்ளேயோ புதிதாக எதையும் செருக வேண்டாம். உங்கள் வகுப்பில் சரியாக என்ன செய்கிறார்கள் என்பதை விவரமாகச் சொல்லி உங்கள் ஹஸ்ரத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் உட்காருவது. யோகம் ஆசனத்துக்குச் சொல்லும் இலக்கணம் இரண்டே சொல்: ஸ்திரம், சுகம். முதுகு வலிக்காரருக்கு இது பெரிய விஷயம். தரையில் நேராக உட்காராமல் நான்காக மடித்த ஜமுக்காளத்தையோ கெட்டித் தலையணையையோ இடுப்புக்குக் கீழே வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். குர்ஆனை வைத்து ஓதும் ரெஹல் பலகை தாழ்வாக இருந்தால் கழுத்து குனியும், பதினைந்து நிமிடத்தில் தோள் கடுக்கும், அந்தக் கடுப்பில் மனம் எழுந்து போகும். பலகைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஓதுவதில் குறை ஒன்றும் இல்லை.

மலையில் குளிர் பாதிக் கவனத்தைத் தின்றுவிடும். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளுவுக்கு வெந்நீர், காலுக்குச் சாக்ஸ், தோளில் கம்பளி. ஆனால் ஒரு எச்சரிக்கை: கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரி அடுப்போ கணப்புச் சட்டியோ பக்கத்தில் வைத்து ஓதாதீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர் காலத்தில் இதனால் உயிர் போயிருக்கிறது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முதலில் தலை கனக்கும், பிறகு தூக்கம் சொக்கும், எழுத்து ஓடும். கவனம் சிதறுகிறது என்று நினைத்துத் தொடர்ந்து உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க முடியாமலே போகலாம். அடுப்பு வைத்த நாட்களில் மட்டும் தலை கனக்கிறது என்றால் காரணம் அடுப்பேதான்.

மூச்சுக்கு வருவோம். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து சுற்று, இரண்டு நிமிடம்கூட ஆகாது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நாடித் துடிப்பு தணியும். எஸ்டேட்டிலிருந்து ஓடிவந்த படபடப்பு அடங்க அது போதும். மூச்சை அடக்கிப் பிடிக்காதீர்கள். திருமந்திரம் சொல்லும் பூரகம் (இழுப்பது), கும்பகம் (அடக்குவது), ரேசகம் (விடுவது) 16:64:32 என்ற அளவு குருவின் கண்முன்னால் வருடக்கணக்கில் பழகுகிறவர்களுக்கு. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடக்கிவிட்டு உடனே ஓதத் தொடங்கினால் மூச்சுத் தாகம் தீராமல் முதல் சில ஆயத்துகள் அவசர அவசரமாக ஓடும். ரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு அடக்குவதே கூடாது.

ஓதல் என்பதே நீண்ட வெளிமூச்சுதான், யோசித்துப் பாருங்கள். நீட்டி ஓதும் மத்து நான்கு ஐந்து ஹரகத் (மாத்திரை போன்ற அளவு) நீள்கிறது, லாஸிமான, அதாவது கட்டாய மத்து ஆறு. மூச்சு எங்கே தீரும் என்று முன்கூட்டித் திட்டமிடாதவர் ஆயத்தின் நடுவில் மூச்சைத் திருடுகிறார். திருடிய கையோடு கவனமும் போய்விடுகிறது, ஏனென்றால் அப்போது மனதில் இருப்பது பொருளல்ல, அடுத்த மூச்சு. ஓதத் தொடங்குமுன் பக்கத்தில் எங்கே நிற்கப் போகிறோம் என்று கண்ணால் ஒரு ஓட்டம் பாருங்கள்: நிறுத்தக் குறியாகப் போட்ட எழுத்துகளில் மீம் இருந்தால் கட்டாயம் நில்லுங்கள், தோ நிற்க நல்ல இடம், ஜீம் உங்கள் விருப்பம், லாம்-அலிஃப் போட்ட இடத்தில் நிற்காதீர்கள். இரண்டாம் சூராவான (அத்தியாயம்) அல்-பகராவின் 282-ஆவது ஆயத்து ஏறக்குறைய ஒரு பக்கம் முழுக்க வருகிறதே, அதில் இந்தத் திட்டம் இல்லாமல் போகவே முடியாது. தப்பான இடத்தில் மூச்சு தீர்ந்தால் இரண்டு மூன்று சொல் பின்னே போய்ச் சேர்த்து ஓதுங்கள். மற்றபடி ஆயத்து முடிவில் நின்று மூச்செடுப்பது சுன்னத்தான வழி. நபிகள் நாயகம் (ஸல்) ஆயத்து ஆயத்தாக நிறுத்தி ஓதியதை அவர்களுடைய துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அந்த நிறுத்தம்தான் நீங்கள் மனதைப் பிடிக்கப் போகும் இடம்.

எப்படி? ஒவ்வொரு ஆயத்து முடிவிலும் வாய் மூடிய அந்த ஒரு மூச்சில், இப்போது எதைப் பற்றி ஓதினேன் என்று மனதுக்குள் தமிழில் ஒரு சொல் சொல்லுங்கள். மழை. மூஸா. கடன். அவ்வளவுதான். சொல் வந்தால் மேலே போங்கள். வரவில்லையா, நாக்கு தனியாகப் போயிருக்கிறது. கடைசியாகச் சொல் வந்த ஆயத்துக்குத் திரும்பி, அதற்கு அடுத்ததிலிருந்து ஓதுங்கள். சூராவின் ஆரம்பத்துக்குத் திரும்பாதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு இது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால் முதல் பத்து ஆயத்து இரும்பாகவும் கடைசிப் பத்து மண்ணாகவும் ஆகிவிடும். முழுக் குர்ஆனையும் மனனம் செய்த பல ஹாஃபிழ்களுக்கே நீண்ட சூராக்களின் பின்பாதி தள்ளாடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு தனித் தாளில் பென்சிலால் ஒரு புள்ளி. முஸ்ஹஃபில் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு எத்தனை புள்ளி என்று தேதி போட்டு வையுங்கள். முதல் வாரம் எண்ணிக்கை ஏறும். பயந்துவிடாதீர்கள். முன்பு ஒரு பக்கம் முடிந்த பிறகு ஒரே முறை தெரிந்தது. இப்போது ஐந்து முறை நழுவியது ஐந்து முறையும் தெரிகிறது. அப்படித் தெரிவதுதான் பயிற்சி. யோகத்தில் தாரணை என்பதும் இந்தக் கைவேலைதான், கட்டிய இடத்திலிருந்து அவிழ்ந்த மனதைத் திரும்பக் கொண்டுவந்து கட்டுவது. நம் பக்கத்தில் குர்ஆனைக் கட்டி வைத்த ஒட்டகத்துக்கே ஹதீஸ் ஒப்பிடுகிறது. கவனிக்காமல் விட்டால் அதைவிட வேகமாக நழுவிவிடும் என்று.

பொருளைச் சொல்லச் சொன்னேனே, அரபு தெரியாதே என்பீர்கள். புதுப் பாடத்துக்கு முன் தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தப் பகுதியை ஒரு முறை வாசித்துவிடுங்கள். பழைய நாலு ஜுஸ்உக்கும் இதைச் செய்யாமல் விட்டிருந்தால், தினம் இரண்டு பக்கமாகப் பின்னே போய் வாசியுங்கள். பதினைந்து வரி முஸ்ஹஃபில் ஒரு ஜுஸ்உ ஏறக்குறைய 20 பக்கம். நாற்பது நாளில் 80 பக்கமும் முடிந்துவிடும்.

நேரத்தை நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள் என்பது என் எண்ணம். களைத்துப்போன இஷாவுக்குப் பின் புதுப் பாடம் மனனம், தெளிவான விடியலில் பழையதை ஓட்டுவது. மாற்றிவிடுங்கள். சுபுஹுக்கு முன் உள்ள அரை மணியைப் புதுப் பாடத்துக்குக் கொடுத்து, இரவில் ஹஸ்ரத்திடம் ஒப்பிக்க மட்டும் செய்யுங்கள். அந்த அரை மணியில் ஐந்து வரிக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு ஆயத்தை விரல் வைத்துப் பார்த்து ஐந்து முறை, பாராமல் ஐந்து முறை. அடுத்த ஆயத்தும் அப்படியே. பிறகு இரண்டையும் சேர்க்கும் மூட்டு. முந்தைய ஆயத்தின் கடைசி மூன்று சொல்லையும் அடுத்ததின் முதல் மூன்று சொல்லையும் மட்டும் பிடித்துப் பத்து முறை. ஆயத்துக்குள் மறப்பவர்கள் குறைவு. இந்த மூட்டில்தான் அறுந்துபோகும். இரவு படுக்குமுன் நாளைய ஐந்து வரியை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டுப் படுங்கள். அதன்மேல் ஃபோனைத் திறக்காமல் தூங்க முடிந்தால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும்.

பழைய பாடத்தை ஐவேளைத் தொழுகைக்குப் பகிர்ந்துவிடுங்கள். தொழுகைக்கு ஒரு பக்கம், சுன்னத்து, நஃபில் என்ற உபரித் தொழுகையிலோ அதன் பின் உட்கார்ந்தோ. நாளுக்கு ஐந்து பக்கம், 80 பக்கத்துக்கும் பதினாறு நாள் சுற்று. ஒரு பக்கத்துக்கு இரண்டரை மூன்று நிமிடம். அந்த நீளத்துக்கு உங்கள் கவனம் நிற்கும் என்பதைத்தான் சுடர் ஏற்கனவே காட்டிவிட்டதே.

நாக்கு தானாக ஓடுவதை உடைக்கச் சில வழிகள். பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஓட்டத்தில் மட்டும் தெரிந்தவருக்கு நடுவில் கால் வைத்தால் தடுக்கும். வேகத்தைப் பாதியாக்குங்கள், வேகம்தான் நாக்குக்குச் சவுகரியம். வீட்டில் யாராவது முஸ்ஹஃபைப் பிடித்துக் கேட்டால் இன்னும் நல்லது, பிள்ளைகளுக்கு அப்பாவைத் திருத்துவதில் தனி உற்சாகம் உண்டு.

இதில் முதஷாபிஹ் ஆயத்துகள், அதாவது ஒன்றுபோலவே வரும் ஆயத்துகள், பெரிய துணை. தொல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கவனம் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் காவல்காரர்கள் அவர்கள். அல்-பகராவில் 48-ஆவது ஆயத்தில் ஷஃபாஅத், அதாவது பரிந்துரை, முதலிலும் அத்லு, அதாவது ஈடு, பின்னாலும் வரும். 123-இல் ஈடு முதலில், ஷஃபாஅத் பின்னால். இரண்டுமே நீங்கள் மனனம் செய்த முதல் ஜுஸ்உவில்தான் இருக்கின்றன. நாக்கை மட்டும் நம்பினால் 123-இல் 48 வந்து உட்காரும். இரண்டையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதி, வேறுபடும் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள்.

பொருள் தெரிந்தால் சில குழப்பங்கள் தாமாகத் தீரும். நீங்கள் பின்னால் ஓதப்போகும் இரண்டு இடங்கள்: அன்ஆம் சூராவின் 6:151-உம் இஸ்ரா சூராவின் 17:31-உம். பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்பது இரண்டிலும் பொது. முன்னதில், உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம். பின்னதில், அவர்களுக்கும் உங்களுக்கும். ஏன் மாறுகிறது? அன்ஆமில் வறுமை ஏற்கனவே வீட்டுக்குள் இருக்கிறது. பசித்திருக்கும் தகப்பனிடம் முதலில் உன் சோறு என்னிடம் என்று சொல்ல வேண்டும். இஸ்ராவில் வறுமை இன்னும் வரவில்லை, பிள்ளை வந்தால் வருமோ என்ற பயம் மட்டும். அதனால் பிள்ளையின் சோறு முதலில். இதை ஒரு முறை புரிந்துகொண்டவர் இந்த இரண்டையும் மாற்றி ஓதுவது அபூர்வம். மனனத்தில் கவனம் என்று நான் சொல்வது இந்த மாதிரிப் பிடியைத்தான்.

தஃப்ஸீர் வகுப்பு வேறு ஜாதி. அங்கே வேலை கேட்பது மட்டும், கை சும்மா இருக்கிறது; மனம் நழுவ அதுவே வழி. போகுமுன் அன்றைய பகுதியை வாசித்து ஒரே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். கேள்வியோடு உட்கார்ந்தவர் விடை வரும்வரை விழித்திருப்பார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பிறகு’ என்று ஒரு தலைப்பு போட்டு, வகுப்பில் லாரி ஞாபகம் வந்தால் ‘லாரி’ என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதி வைத்ததை மனம் மறுபடி மறுபடி நினைவூட்டாது.

தொழுகையில் நோட்டு வைத்துக்கொள்ள முடியாது. அதற்கு இமாம் கஸ்ஸாலி (ஹிஜ்ரி 450–505) தம் இஹ்யா என்ற நூலில் சொல்லும் உவமை பொருந்தும். மரத்தடியில் உட்கார்ந்து யோசிக்க நினைக்கிறவரைக் குருவிகளின் கூச்சல் கெடுக்கிறது. கம்பை எடுத்து விரட்டுகிறார். போகின்றன, திரும்பி வருகின்றன, மறுபடி விரட்டுகிறார். கூச்சல் நிற்க வேண்டுமானால் மரத்தைத்தான் வெட்ட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் வரும் தொல்லைக்கு அவர் சொல்லும் மருந்து சுலபமானது: இருட்டறையில், சுவரை ஒட்டி நின்று தொழுவது. உள்ளே இருப்பதற்குத்தான் மரத்தை வெட்டச் சொல்கிறார். உலகத்து மரம் முழுதையும் வெட்ட நம்மால் ஆகாது, கிளையை வெட்டலாம். உங்கள் கிளை அன்றன்றைக்கு முடிக்காத எடைக் கணக்கு. எந்த விவசாயிக்கு எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு பிடித்தது, யாருக்குப் பணம் பாக்கி என்பதை மஃரிபுக்கு முன் நோட்டில் ஏற்றி, நாளைக்குக் கூப்பிட வேண்டியவர்களின் பெயரையும் எழுதி மூடிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போங்கள். கழிவுப் பிடித்தத்தில் யாரோடாவது தகராறு இருந்தால் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள். மனதில் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் கணக்கல்ல, கணக்கில் உள்ள மனத்தாங்கல். சாப்பாடு வந்து காத்திருக்கும்போதும் மல ஜலத்தை அடக்கிக்கொண்டும் தொழ வேண்டாம் என்ற ஹதீஸும் இதே வழியில்தான் போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பயிற்சியை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒரே ஆயத்தைச் சரியாக வரவில்லை என்று மணிக்கணக்கில் திருப்புவது, ஒளுவைப் பத்து முறை செய்வது, தொழுகையைத் தொடங்கும் தக்பீர் கட்ட முடியாமல் நின்றுகொண்டே இருப்பது என்று போனால் அது வஸ்வாஸ், அதாவது ஓயாத சந்தேக நோயின் எல்லை. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி இல்லை. ஆனால் இஷா பாடம் முடிந்து பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவராக இருந்தால், மேலே சொன்ன எதற்கும் முன்னால் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். மதியம் லுஹருக்கு முன்போ பின்போ இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் இரவுப் பாடமும் மனதில் நிற்கும். தொழுகையில் தூக்கம் சொக்கினால் போய்ப் படுக்கும்படியே ஹதீஸ் சொல்கிறது.

கடைசியாக ஃபோன். மனனம் செய்கிறவருக்கு எந்தப் பக்கம், எத்தனையாவது வரி, வலது பக்கமா இடது பக்கமா என்பதும் ஞாபகத்தின் பகுதி. ஆப்பில் எழுத்தைப் பெரிதாக்கினாலே வரி மாறிவிடுகிறது, அந்த ஞாபகம் கலைகிறது. மனனத்துக்கு நீங்கள் தொடங்கிய அதே அச்சு முஸ்ஹஃப், கிழிந்தால் அதே அச்சில் இன்னொன்று. இலை எடை போடும் ஷெட்டில் லாரிக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு ஃபோன் நல்லதுதான்: ஒரே காரியின் (குர்ஆன் ஓதுபவர்) மெதுவான ஓதலில் அன்றைய ஐந்து வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். சுபுஹுக்கு முன் ஓத உட்காரும்போது அது வேறு அறையில் இருக்கட்டும். ஃபேக்டரிக்காரர் அந்த நேரத்தில் கூப்பிட்டால் வீட்டில் யாராவது எடுத்து ஆறு மணிக்குப் பேசுவார் என்று சொல்லிவிட்டால் போதும்.